18,400 ரூபாய் எங்கே போனது? ஒரு கணினிப் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கணினி தெரியாதவர்களுக்கும் விளங்கும்படிதான் எழுதப் பார்க்கிறேன்.

நமது நலன்புரிச் சங்கத்தின் சந்தாக் கணக்கில் 18,400 ரூபாய் காணாமல் போய்விட்டதாக மூன்று கிழமையாக ஒரு கதை ஓடியது. பணம் எங்கேயும் போகவில்லை என்று சங்கம் அறிவித்தல் பலகையில் போட்டுவிட்டது. ஆனால் கதையைக் கேட்டவர்கள் எத்தனை பேர், பலகையை வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். போன வெள்ளிக்கிழமை கூட ஒரு காக்கா என்னிடம், "கம்பியூட்டர் பிழை எண்டு ஒரு சாட்டு செல்லித் தப்பிட்டாங்க, என்ன சேர்?" என்று கேட்டார்.

சாட்டு இல்லை. என்ன நடந்தது என்பதை விபரமாக எழுதினால்தான் இந்தக் கதை ஓயும். நிர்வாகத்திடமும் அந்தப் பிள்ளையிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். யாருடைய பெயரும் போடவில்லை.

சந்தாக் கணக்கு முன்பு பெரிய கொப்பியில்தான் இருந்தது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் எங்கள் பழைய மாணவன் ஒருவன், ஒரு சதமும் வாங்காமல், பைதன் மொழியில் ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தான். பற்றுச்சீட்டு இலக்கம், உறுப்பினர் இலக்கம், மாதம், தொகை ஆகியவற்றைப் பதிந்தால் போதும். மாத முடிவில் யார் கட்டியிருக்கிறார்கள், யார் நிலுவை என்று பட்டியல் வரும். இரண்டு வருடம் பிரச்சினை இல்லாமல் ஓடியது.

பிறகு ஒரு மாதம் நிலுவைப் பட்டியல் பலகையில் போடப்பட்டபோது 46 வீடுகள் அதில் இருந்தன. 2 மாதச் சந்தா கட்டவில்லையாம். மாதம் 200 ரூபாய் வீதம் மொத்தம் 18,400 ரூபாய். பார்த்த ஆட்கள் கையில் பற்றுச்சீட்டோடு வந்து நின்றார்கள். கட்டின காசுக்கு நிலுவைக்காரன் என்று பெயர் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? சங்கத்தின் கடை வாடகையும் சந்தாவும் சேர்த்தே வங்கியில் போடப்படுவதால், அந்த 18,400 வங்கியில் இருக்கிறதா இல்லையா என்று உடனே பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. அப்போதுதான் பேச்சு அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பியது. ப்ரோக்ராம் எழுதியவனுக்கு அழிக்கவும் தெரியும்தானே என்றார்கள்.

அவனுடைய உம்மா என்னிடம் வந்தார். "சேர், எங்கட புள்ள காசத் தொடவே இல்ல. கணக்கு எழுதிக் குடுத்தது குத்தமா? நீங்க ஒருக்கா போய்ப் பாருங்க" என்றார்.

போனேன். பொருளாளர் ஹாஜியாரும் செயலாளரும் அவனும் இருந்தார்கள். ப்ரோக்ராமைத் திறக்கவில்லை. முதலில் சந்தாப் பதிவுகள் இருக்கும் தரவுத்தளக் கோப்பின் பெயரைக் கொடுத்து, கணினி முழுக்கத் தேடச் சொன்னேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வந்தது.

ஒன்று டி ட்ரைவில், ப்ரோக்ராம் இருக்கும் சந்தா என்ற போல்டருக்குள். மற்றது டெஸ்க்டொப்பில், கல்யாண அழைப்பிதழ், விண்ணப்பப் படிவம், யாருடையவோ பயோடேட்டா என்று அறுபது எழுபது ஐகன்களுக்கு நடுவில். திறந்து எண்ணினோம். 92 பதிவுகள். 46 வீடு, 2 மாதம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒரு சதம் குறையவில்லை.

அப்படியென்றால் ஒரு ப்ரோக்ராம் எப்படி இரண்டு கணக்குக் கொப்பி வைத்தது?

இங்கேதான் கணினிப் பாடம் தொடங்குகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் எந்த ப்ரோக்ராமுக்கும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அது குடியிருக்கும் இடம். அதாவது அதன் நிறைவேற்று கோப்பு எந்தப் போல்டரில் இருக்கிறதோ அந்த இடம். மற்றது அது இப்போது நிற்கும் இடம். இதை நடப்புக் கோப்புறை என்று பாடத்தில் சொல்வோம். வீடு சம்மாந்துறையிலும் நிற்கும் இடம் கல்முனைச் சந்தையிலும் இருப்பது மாதிரி. பல நாட்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

அவன் எழுதிய வரியில் கோப்பின் பெயர் மட்டும் இருந்தது, விலாசம் இல்லை. விலாசம் இல்லாத பெயரைக் கொடுத்தால் பணிசெயல் முறைமை அதை நடப்புக் கோப்புறையில் தேடும். வின்டோஸில் ப்ரோக்ராமின் ஐகனை நேரடியாக இரண்டு தரம் கிளிக் செய்தால் நடப்புக் கோப்புறையும் அது குடியிருக்கும் போல்டரும் ஒன்றுதான். இரண்டு வருடம் பிழைக்காமல் ஓடியது அதனால்தான்.

பிறகு யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில், சந்தா ப்ரோக்ராமும் எக்செல் கோப்பும் ஒரே கிளிக்கில் திறக்கட்டும் என்று டெஸ்க்டொப்பில் ஒரு பெட்ச் கோப்பு செய்து வைத்தார். பெட்ச் கோப்பைக் கிளிக் செய்தால் நடப்புக் கோப்புறை டெஸ்க்டொப் ஆகிவிடும். அதன் வழியாக எழுப்பப்படும் ப்ரோக்ராமும் டெஸ்க்டொப்பில் நின்றுகொண்டுதான் கண் விழிக்கும். அங்கே தன் கொப்பியைத் தேடியது, இல்லை. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் இயல்பு என்னவென்றால், கேட்ட கோப்பு இல்லாவிட்டால் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். பிழைச் செய்தி வராது. பின்னேரம் பதிவு செய்பவர் அந்த வழியால் திறந்தார், புதுக் கொப்பியில் எழுதினார். மாத முடிவில் பட்டியல் எடுப்பவர் டி ட்ரைவுக்குப் போய்த் திறந்தார், பழைய கொப்பியை வாசித்தார். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் வேலை செய்தார்கள்.

காசு போன கதை இவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அவன் லெப்டொப்போடு பாடசாலைக்கு வந்தான். திருத்த வேண்டும். இந்த ஊரில் ப்ரோக்ராம் எழுதும் மற்றப் பிள்ளைகளுக்கும் இது உதவும் என்பதால் அவன் செய்து பார்த்த மூன்று வழிகளையும் எழுதுகிறேன்.

முதல் வழி, முழு விலாசத்தையும் ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதிவிடுவது. டி ட்ரைவ், சந்தா போல்டர் என்று. "நாளைக்குச் சங்கம் வேற கம்பியூட்டர் வாங்கி, அதில டி ட்ரைவே இல்லாட்டி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு அழித்துவிட்டான்.

இரண்டாவது வழி, பைதனில் ஃபைல் என்று ஒரு மாறி உண்டு. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு எழுதுவது. ஓடிக்கொண்டிருக்கும் பைதன் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். அதிலிருந்து போல்டரைப் பிரித்தெடுத்து, அங்கே கொப்பியை வைக்கலாம். அவனுடைய லெப்டொப்பில் அழகாக வேலை செய்தது. ஆனால் சங்கத்தின் கணினியில் பைதன் கிடையாது. அதற்காக அவன் பைஇன்ஸ்டோலர் என்ற கருவியால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸி கோப்பாகக் கட்டிக் கொடுப்பான். அப்படிக் கட்டியதைப் பாடசாலைக் கணினியில் ஓடவிட்டு, பொய்யாக ஐந்து பதிவுகள் போட்டு, மூடி, திரும்பத் திறந்தோம். ஐந்தும் இல்லை!

அவன் முகம் மாறிவிட்டது. காரணம் இதுதான். ஒரே கோப்பாகக் கட்டப்பட்ட எக்ஸி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன் உள்ளடக்கத்தை ஒரு தற்காலிகப் போல்டரில் அவிழ்த்து வைத்துக்கொண்டு அங்கிருந்து ஓடும். மூடும்போது அந்தப் போல்டரை அழித்துவிடும். ஃபைல் என்ற அந்த மாறி காட்டியது அந்தத் தற்காலிகப் போல்டரைத்தான். வாடகைக் கூடாரத்தைச் சொந்த வீடு என்று எழுதிக் கொடுத்த மாதிரி. இதைச் சோதிக்காமல் சங்கத்துக்குக் கொடுத்திருந்தால், இந்த முறை உண்மையாகவே பதிவுகள் அழிந்திருக்கும்.

மூன்றாவது வழிதான் சரி வந்தது. பைதனின் சிஸ் என்ற பகுதியில் எக்ஸிகியூட்டபிள் என்று ஒரு மாறி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிறைவேற்று கோப்பின் முழு விலாசத்தை அது வைத்திருக்கும். கட்டப்பட்ட எக்ஸியில் அது அந்த எக்ஸியின் உண்மையான இடத்தையே காட்டும். ஆனால் கட்டாமல் சாதாரண பைதன் கோப்பாக ஓடவிட்டால், பைதன் என்ற மொழிபெயர்ப்பி எங்கே நிறுவப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டும். ஏனென்றால் அப்போது உண்மையில் ஓடுவது பைதன்தான், நம் கோப்பு அதற்கு வாசிக்கக் கொடுத்த தாள் மட்டுமே. ஆகவே, நான் கட்டப்பட்ட நிலையில் இருக்கிறேனா என்று முதலில் பார்க்க வேண்டும். பைஇன்ஸ்டோலர் அதற்காக ஃப்ரோஸன் என்று ஒரு அடையாளம் வைக்கிறது. அது இருந்தால் எக்ஸிகியூட்டபிள், இல்லாவிட்டால் ஃபைல். நான்கு வரிதான்.

"ஒரு ப்ரோக்ராமுக்குத் தன்ட இடம் தெரியாதா சேர்? இதுக்கு ஏன் இவ்வளவு சுத்து?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பலரும் கேட்க வேண்டிய கேள்வி.

தெரியாது என்பதுதான் பதில். சி மொழியின் தராதரத்திலும் சி பிளஸ் பிளஸ் தராதரத்திலும் இதற்கு ஒரு பொதுவான கட்டளை இன்றுவரை இல்லை. கோ என்ற மொழி 2012 இல் அதன் 1.0 பதிப்போடு வந்தது. அதன் தர நூலகத்தில் இந்த வசதி சேர்ந்தது 2017 பெப்ரவரியில் வந்த 1.8 பதிப்பில்தான்.

சி மொழி படித்த பிள்ளைகள், ஆர்க்வி பூச்சியம் இருக்கிறதே என்பார்கள். ப்ரோக்ராமைத் தொடங்கும்போது கொடுக்கப்படும் சொற்களின் பட்டியலில் முதலாவது அது. ஆனால் அது விலாசம் அல்ல. எழுப்பியவர் என்ன பெயர் சொல்லி எழுப்பினாரோ அந்தப் பெயர். நமது ஊரில் ஆளுக்கொரு பட்டப்பெயர் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போம், அதற்காக அடையாள அட்டையில் அந்தப் பெயரா இருக்கிறது? லினக்ஸில் வெறும் பெயரை மட்டும் தட்டச்சு செய்து ஒரு ப்ரோக்ராமை எழுப்பினால் ஆர்க்வி பூச்சியத்தில் அந்த வெறும் பெயர்தான் இருக்கும். எழுப்புகிற ப்ரோக்ராம் விரும்பினால் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரையும் கொடுக்கலாம். பிஸிபொக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பல ரவுட்டர்களுக்குள் அது உண்டு. ஒரே நிறைவேற்று கோப்பு, எந்தப் பெயரால் கூப்பிடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும். அது நம்பியிருப்பதே ஆர்க்வி பூச்சியத்தைத்தான். பெயர் அறிய அது நல்லது. வீடு அறிய உதவாது.

அப்படியென்றால் யாரிடம் கேட்பது? நாம் வதிவிடத்தை உறுதிப்படுத்த என்ன செய்கிறோம்? "நான் இங்கதான் இரிக்கன்" என்று நாமே சொன்னால் அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். கிராம சேவகரிடம் போய்ச் சான்றிதழ் எடுக்கிறோம், ஏனென்றால் பதிவு அவரிடம் இருக்கிறது. கணினியில் அந்த வேலையைப் பார்ப்பது பணிசெயல் முறைமை. ப்ரோக்ராமை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றியது அதுதான். எங்கிருந்து எடுத்தது என்று அதற்குத் தெரியும்.

லினக்ஸில் ப்ரொக் என்ற போல்டருக்குள் செல்ஃப் என்றும் அதற்குள் எக்ஸ்ஈ என்றும் ஒரு இணைப்பு இருக்கும். எந்த ப்ரோக்ராம் அதை வாசிக்கிறதோ, அந்த ப்ரோக்ராமின் நிறைவேற்று கோப்பையே அது சுட்டும். வின்டோஸில் கெட்மொட்யூல்ஃபைல்நேம் என்ற கட்டளை. மெக்கில் என்எஸ்கெட்எக்ஸிகியூட்டபிள்பாத். ஒவ்வொரு கந்தோருக்கும் ஒவ்வொரு படிவம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. வின்டோஸில் பழைய வழக்கப்படி 260 எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கினால், அதைவிட நீளமான விலாசம் பாதியில் வெட்டுப்பட்டு வரும். லினக்ஸில் அந்த இணைப்பை ரீட்லிங்க் என்ற கட்டளையால் வாசித்தால், சொல் முடிந்ததைக் காட்டும் பூச்சியத்தை அது போடாது. நாமே போட வேண்டும். மெக்கில் வருவது ஒரு குறுக்கு இணைப்பின் விலாசமாகவும் இருக்கலாம். உண்மையான இடத்தை அறிய அதை இன்னொரு தரம் தீர்த்துப் பார்க்க வேண்டும்.

கிராம சேவகரின் பதிவும் சில வேளை பழையதாகிவிடும் அல்லவா? லினக்ஸில் ஒரு ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பை அழித்துவிடலாம், ப்ரோக்ராம் தொடர்ந்து ஓடும். அப்போது கேட்டால் பழைய விலாசத்தின் பின்னால் 'அழிக்கப்பட்டது' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து விடை வரும். அதை அப்படியே போல்டரின் பெயர் என்று எடுத்துக்கொண்டால் அடுத்த குழப்பம் தொடங்கும். விடை கிடைத்ததும், அந்த இடம் உண்மையில் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். தன் வீட்டு விலாசத்தைக் கண்டுபிடிப்பது ஒரு ப்ரோக்ராமுக்கு அவசியம். தன்னோடு வந்த படம், எழுத்துரு, படிவ மாதிரி போன்றவற்றை எடுக்க அது வேண்டும். ஆனால் சனங்களின் கணக்கை அந்த வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது நல்ல பழக்கம் இல்லை. வின்டோஸில் ப்ரோக்ராம்களை முறையாக நிறுவும் போல்டருக்குள் சாதாரணப் பயனாளர் எழுதவே முடியாது. ப்ரோக்ராமின் புதிய பதிப்பைப் போடும்போது பழைய போல்டரை அப்படியே அழித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பயனாளரின் தரவுகளுக்கென்று பணிசெயல் முறைமை தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. கணக்கு அங்கே இருக்கட்டும். பென் ட்ரைவில் கொண்டு திரியும் சின்ன ப்ரோக்ராமுக்கு மட்டும் பக்கத்தில் வைப்பது பொருந்தும்.

அவன் யோசித்து மூன்று மாற்றம் செய்தான். கணக்குக் கொப்பிக்கு நிரந்தரமான தனி இடம் கொடுத்தான். அந்த இடத்தில் கொப்பி இல்லாவிட்டால் சத்தமில்லாமல் புதிது உருவாக்காமல், "கணக்குக் கோப்பைக் காணவில்லை" என்று சொல்லி நின்றுவிடும்படி மாற்றினான். திரையின் அடியில், ப்ரோக்ராம் எங்கிருந்து ஓடுகிறது, எந்தக் கொப்பியில் எழுதுகிறது என்ற இரண்டு விலாசங்களையும் எந்த நேரமும் காட்டும்படி வைத்தான். கடைசியாகச் சொன்னது என் யோசனை இல்லை, அவனுடையது. "இனி யாரும் என்னட்டக் கேக்கத் தேவல்ல சேர், அவங்களே பாத்துக்குவாங்க" என்றான்.

அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. இருபது வயதுப் பிள்ளை, அமானிதத்தைப் பேணியவன், தன்னை யாரும் சந்தேகிக்காதபடி திரையில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.

92 பதிவுகளும் இப்போது ஒரே கொப்பியில் சேர்க்கப்பட்டுவிட்டன. அந்த 46 வீட்டாரும் கணக்கைச் சரிபார்க்க விரும்பினால் பற்றுச்சீட்டோடு போகலாம், அடிக்கட்டைகள் சங்கத்தில் இருக்கின்றன. வங்கிப் பட்டியலையும் பொருளாளர் பிரித்து வைத்திருக்கிறார், காட்டுவார்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்கோ பாடசாலைக்கோ சங்கத்துக்கோ ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அதை வேறொரு போல்டரில் நின்றுகொண்டு ஓடவிடுங்கள். வேறொரு கணினிக்கு மாற்றி ஓடவிடுங்கள். மூடித் திரும்பத் திறந்து, பதிந்தது இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. செய்யத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைக் கணினி அறைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. அந்தக் கதையை யாருக்காவது சொல்லியிருந்தால், இந்தப் பதிவையும் அதே ஆளுக்கு அனுப்பிவிடுங்கள். அவனுடைய உம்மா இன்னும் கடைத்தெருவுக்கு வரக் கூச்சப்படுகிறார்.